வேற கணக்கு

கோட்டூர் ரோட்டிலிருந்து உள்ளே ஒதுங்கிய தோப்பு.
நார் மில் மெஷினுக்கு வாங்கிய லோன்,
மூன்றாவது தவணையும் நிலுவை.
"போன மாசமும் இதையேதானே சொன்னீங்க" என்று
குரலை நான் ஒரு நூல் உயர்த்திய நேரம்
முதுகுக்குப் பின்னால்
ணங்.

நெத்துத் தேங்காய்.
அறுபதடி உயரத்திலிருந்து நேரே
என் கறுப்பு வண்டியின் டேங்க்மேல்.

மயிலாத்தாளக்கா ஓடிப்போய்
முதலில் தேங்காயைத்தான் எடுத்தார்.
காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுப்
பிறகு டேங்கைப் பார்த்தார்.
"மரத்துக்கடியில நிறுத்தாதீங்கன்னு
வந்ததீமே சொன்னனில்லீங் தம்பி?"
சொல்லித்தான் இருந்தார்.
என் காது அப்போது வசூலில் இருந்தது.

"உங்க வண்டிமேல விழுந்தது உங்களுக்குத்தானுங்"
என்று பையில் போட்டுக் கொடுத்தார்.
அபராதம் ஐந்நூற்றுத் தொண்ணூறு என்று
எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.
தேங்காய் நல்ல தேங்காய்.
மூன்று நாள் சட்னிக்கு வந்தது.

பள்ளம்தான் போகவில்லை.
பெட்ரோல் பங்கில், டீக்கடையில், ஆபீஸ் வாசலில்
பார்த்தவர்களெல்லாம் விரலை விட்டுப் பார்த்தார்கள்.
"எவனாவது கல்ல எடுத்தானா?" என்றார் மேனேஜர்.
தேங்காய் என்றால் சிரித்தார்கள்.
கல் என்றால் நம்பினார்கள்.
இரண்டாவது வாரம்
நானும் கல் என்றே சொல்ல ஆரம்பித்தேன்.
எந்தத் தோப்பு என்று கேட்டபோது
ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பாலக்காட்டு ரோட்டில் இத்ரீஸின் கடை.
என்னைவிட நாலு வயது சின்னவன்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
பள்ளத்தை உள்ளங்கையால் மூடி, திறந்து,
"தேங்காய்ங்களா?" என்றான்.
"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"
"கல்லுன்னா பெயின்ட் கிழிஞ்சிருக்கும்.
மாசம் நாலு வருதுங்க. ஆடிக் காத்துல பத்து."

பெட்ரோலை கேனில் இறக்கினான்.
டேங்கைக் கழற்றி
பழைய லுங்கி விரித்த மேஜையில் வைத்தான்.
மேலே ஒரு டியூப்லைட்.
கறுப்புப் பரப்பில் அதன் வெள்ளைக் கோடு
நேராக வந்து, பள்ளத்தருகே
தண்ணீரில் நிற்கும் குச்சிபோல் முறிந்து, வளைந்து,
மறுபடி நேராகப் போனது.
"இந்தக் கோடு நேராகோணும். அவ்வளவுதான் வேலை."

மூடியின் வாய்வழியே
கொக்கிபோல் வளைந்த கம்பியை உள்ளே விட்டு
கண்ணைக் கோட்டிலேயே வைத்து
ஒரு நெம்பு. பார்வை. ஒரு நெம்பு.
"ஓங்கித் தட்டினா சீக்கிரம் முடியுமே?"
"தட்டினா இந்தப் பள்ளம் போயிரும்.
பக்கத்துல இன்னொண்ணு எந்திரிக்கும்."
ஒன்றே முக்கால் மணி நேரம்.
கோடு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.
கடைசியில் மயிரிழை நடுக்கம் ஒன்று மிச்சம்.
"இதுக்கு மேல போனா தகடு களைச்சுரும்" என்றான்.
அறுநூறு.

அடுத்த தவணைத் தேதி.
அக்கா வண்டியைச் சுற்றி வந்தார்.
"பள்ளத்தைக் காணோமுங்?"
"எடுத்தாச்சுங்."
"எத்தனையாச்சு?"
சொன்னேன்.
உள்ளே போய்ச் சர்க்கரை டப்பா திறக்கும் சத்தம்.
ஆறு நூறுகள், ஒன்றில் மஞ்சள் கறை.

ரசீதுப் புத்தகத்தை எடுத்து
அபராதம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
"அதுல எதுக்குங் எழுதறீங்க?
அது வேற கணக்கு. அதைத்
தேங்கா வித்ததும் கட்டறேன்.
இது எங்க மரம் போட்ட பள்ளம்."

மேனேஜரிடம் நான் சொன்ன கல்
நாக்குக்கடியில் உருண்டது.
பணத்தை வாங்கிக்கொண்டேன்.
வாங்காமல் இருந்தேன் என்று எழுதத்தான் ஆசை.

இப்போதெல்லாம் அங்கே போனால்
வண்டியைக் களத்து வெயிலில் நிறுத்துகிறேன்.
திரும்பி வந்து உட்கார்ந்தால்
சீட்டு சுடுகிறது.